டெலிவிஷனில் வர்ணம் கெடுவது ஏன்?

நமது மக்களுக்கு ஒரு வஸ்து கெட்டுப்போனால் "ஏன் கெட்டது?" என்று கேட்கும் வழக்கம் கிடையாது. "நம்முடைய நேரம் சரியில்லை" என்று சொல்லி, கேட்ட பணத்தைக் கொடுத்துவிடும் வழக்கந்தான் உண்டு. டெலிவிஷனில் மனிதன் முகம் பச்சையாகவோ, வெள்ளை வேட்டி மஞ்சளாகவோ தெரிந்தாலும் இதே கதைதான். கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். ஆயுள் முடிந்தது, புதிது வாங்கு என்பார் மற்றொருவர். இருவரும் அந்தப் பெட்டியைச் சோதித்தவர்களல்ல. மணலூர்பேட்டையிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் கரும்பு வெட்டிச் சேர்த்த கூலி இப்படிப் போகலாமா என்று கேட்கின்றோம்.

முதலாவது, டெலிவிஷனுக்குள் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே வர்ணங்கள்தான். மற்ற வர்ணமெல்லாம் இவற்றின் கலப்பே. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். மூன்றும் சரியளவில் சேர்ந்தால் வெள்ளை. ஆகவே வெள்ளையைப் பார்த்தே நோயைக் கண்டுகொள்ளலாம். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. நீலப் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. கத்தரிப்பூ போன்ற சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. இதற்கு ஜோசியன் எதற்கு?

இரண்டாவது, குற்றம் எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரே சேனலில் மாத்திரம் வர்ணம் தப்பினால் குற்றம் அனுப்புகிறவனிடம். எல்லாச் சேனலிலும் தப்பினால், டி.வி.யின் சொந்த ரிமோட்டை அமுக்கி அதன் மெனுவைத் திரையில் வரவழையுங்கள். மெனு சரியாகவும் படம் தப்பாகவும் இருந்தால், குற்றம் செட்டாப் பாக்ஸிலோ ஒயரிலோ இருக்கிறது. மெனுவும் தப்பாக இருந்தால் டி.வி.யின் வர்ண அமைப்பை யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்த்து, பிறகே டி.வி.யைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒயர் விஷயத்தில் செலவேயில்லை. மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கித் துடைத்து, இறுக்கிச் செருகுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் அதனதன் துளையில் இருக்கின்றனவா பாருங்கள். நமது நாட்டுக்குரியது 'பால்' என்னும் முறை. அமைப்பில் வேறு முறைக்கு மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடக் கூடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாது.

நிற்க, 2006 செப்டம்பர் முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த வர்ண டி.வி.க்கள் பிக்சர் டியூப் உள்ள பழைய மாதிரி. அம்மாதிரிப் பெட்டியை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். திரையின் ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ படர்ந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கரிலுள்ள காந்தம் டியூபுக்குள் பாயும் மின்னணுக்களை இடம் தப்பச் செய்கிறது. ஸ்பீக்கரை விலக்கி, பெட்டியை அரைமணி நேரம் அணைத்து வைத்து, பிறகு போடுங்கள். போட்ட சில விநாடி மாத்திரம் உள்ளேயிருக்கும் ஒரு கம்பிச்சுருள் வேலை செய்து காந்தத்தை நீக்கும். சில தடவை இப்படிச் செய்தால் கறை மறையக் கூடும். தட்டையான எல்.இ.டி. திரைக்கு இந்த வியாதி கிடையாது. அதற்குக் "காந்தம் எடுக்கிறேன்" என்று கூலி கேட்பவன் ஏமாற்றுகிறவனே.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் முதுகை யாரும் திறக்கக் கூடாது. பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் உண்டு. அணைத்த பின்னும் அது தங்கியிருக்கும். அங்கே வேலை தெரிந்த மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும். அவரிடமும் "மெனு சரியாயிருக்கிறது, நீலம் மட்டும் வரவில்லை" என்று சொல்லிக் கேளுங்கள். யோக்கியமான தொழிலாளிக்கு அது உதவி, மற்றவனுக்குப் பயம். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதலால் தோழர்களே, புதுப் பெட்டிக்குத் தவணை கட்டுவதற்கு முன் கால்மணி நேரம் சோதித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். காரணம் தேடும் பழக்கம் அவர்களுக்கும் வர வேண்டுமென்பதே நமது ஆசை.