குழந்தைக்கு ஒரு சட்டை

கோடைக்கானலில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை நம் கல்லூரி நண்பர் பலர் கண்டிருப்பர். காய்கறியும் மலைப்பழமும் வெள்ளைப்பூண்டும் குவிந்து கிடக்கும் அவ்விடத்தே ஆயத்த ஆடைகளும் குவியல் குவியலாக விலைபோகும். சென்ற மார்கழியில் அங்கே ஓர் இளந்தாய் தன் குழந்தைக்குச் சட்டை தேடி நின்றதைக் கண்டேன். மார்புக்குப் பொருந்தியது கையில் நீண்டது. கைக்குப் பொருந்தியது கழுத்தில் இறுகியது. ஈற்றில் இரண்டு வயது மூத்த பிள்ளைக்குரிய ஒன்றை வாங்கி, கைகளை மும்முறை மடித்துவிட்டுச் சென்றாள். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில், பனிக்காற்று வீசும் மாலையில், அந்த அகன்ற கழுத்தின் வழியே குளிர் எவ்வளவு எளிதாக உட்புகுந்திருக்கும் என்பதை எண்ணியபொழுது என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்தையே இங்கு எழுதத் துணிந்தேன். குழந்தைகளுக்குரிய எளிய ஆடைகளை வீட்டிலே தைத்தல் ஆண் பெண் இருபாலாரும் கற்கவேண்டிய கல்வியாகும். அதனைக் கல்லூரியிலேயே தொடங்குதல் நலம் என்பதே அக்கருத்து.

தையல் என்னும் சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. அதனைக் காட்டி, ஊசி பெண்ணின் உரிமை என்பாரும் உளர். ஆயின் பழைய நூல்கள் வேறு சொல்லும். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை எண்ணுமிடத்துத் துன்னகாரரையும் ஒருங்கு எண்ணுகின்றது. துன்னகாரர் ஆவார் தையற்காரர். நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் நெடுங்காலம் தையற்பொறியின் முன் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் ஆடவரே. கூலி கிடைக்குமிடத்து ஆணுக்குத் தொழிலாவது, கூலி இல்லாத வீட்டகத்தே பெண்ணுக்குக் கடமையாக மாறுவது என்ன நீதியோ அறியேன். கிழிந்த பையைத் தைக்கவும் அறுந்த பொத்தானை வைக்கவும் தாயையோ தமக்கையையோ எதிர்பார்த்து நிற்கும் பட்டதாரியின் கல்வி எங்கோ ஓரிடத்தில் பிரிந்து கிடக்கின்றது என்றே சொல்வேன்.

புதிதாகக் கற்போர் குழந்தையின் ஆடையில் தொடங்குதல் எளிது என்பர். துணி சிறிது, தையல் குறுகியது, பிழை நேர்ந்தாலும் இழப்பு மிகுதியன்று. அது பாதி உண்மையே. மற்றைப் பாதியை யான் என் தமக்கையின் குழந்தையிடம் கற்றேன். இரண்டு வயதுடைய அப்பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு சட்டை தைத்தேன். மார்பை அளந்தேன்; தோளை அளந்தேன்; கை நீளத்தை இருமுறை அளந்தேன். வெட்டித் தைத்து முடித்து, வீட்டார் அனைவரும் சூழ்ந்திருக்க அணிவிக்க முயன்றபொழுது, சட்டை நெற்றியோடு நின்றுவிட்டது. குழந்தை உள்ளே அழுதது. வெளியே யாவரும் நகைத்தனர். மறுநாள் எங்கள் தெருத் தையற்காரரிடம் அதனைக் கொண்டு சென்றேன். முதியவராகிய அவர் அதனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மார்பை அளந்தீர், சரி, தலையை அளந்தீரா?" என்று வினவினார்.

குழந்தை சிறிய மனிதன் அன்று. அதன் உடலமைப்பே வேறு. பிறந்த குழந்தையின் தலை அதன் முழு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு; வளர்ந்தோர்க்கோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே. பிறந்தபொழுது தலைச்சுற்று மார்புச்சுற்றினும் சற்று மிகும். ஓராண்டளவில் இரண்டும் ஏறக்குறைய ஒக்கும். அதன் பின்னரே மார்பு முந்தும். ஆதலின் பெரியோர் சட்டையைச் சுருக்கி வெட்டினால் குழந்தைச் சட்டை ஆகாது. கழுத்தை அகல வெட்டினால் குளிர் புகும். குறுக வெட்டினால் தலை புகாது. தோளிலே ஒரு பிளவு விட்டுப் பொத்தான் வைத்தலே வழி என்று அம்முதியவர் காட்டினார். பெரியதை அறிந்தவன் சிறியதை அறிவான் என்னும் எண்ணம் பொய்யென்பதை அந்தத் தோட்பிளவு எனக்குக் கற்பித்தது. ஆசிரியத் தொழிலை நாடும் நம் மாணவர்க்கும் இப்பாடம் ஏற்கும்.

இன்னும் சில நுட்பங்களும் உள. பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தவேண்டும். இல்லையேல் முதல் வெளுப்பிலேயே சட்டை சுருங்கும். மடிப்பின் முரட்டு ஓரம் மெல்லிய தோலில் உராய்வதால் அதனை மடித்து அடக்கித் தைக்கவேண்டும். கழுத்திலே நாடாவைத் தொங்கவிடல் ஆகாது. எங்கேனும் மாட்டி இறுக்கும். பொத்தானை நன்கு இறுகத் தைக்கவேண்டும். கழன்ற பொத்தான் வாய்க்குள் போகும். மலைவாசிகளுக்கு வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். குளிருக்கென்று வாங்கும் பஞ்சுபோன்ற பருத்தி ஃபிளானல் துணி விரைவில் தீப்பற்றும் இயல்புடையது. அடுப்பருகே குளிர்காயும் வீடுகளில் தளர்ந்து தொங்கும் கைகளை அத்துணியில் வைத்தல் தீங்காகும். மணிக்கட்டில் ஒட்டியிருக்குமாறு தைக்கவேண்டும். ஆகவே தைப்பவன் துணியை மட்டும் அறிந்தாற் போதாது. அதனை அணியும் குழந்தை எங்கே தவழும், எதனை வாயில் வைக்கும், எதன் அருகே உறங்கும் என்பதையும் அறிதல் வேண்டும்.

விவிலியத்தில் அன்னாளின் வரலாற்றை நம்மவர் அறிவர். ஆலயப் பணிக்கென்று விட்டுவந்த சாமுவேலுக்கு அவள் ஆண்டுதோறும் ஒரு சிறு சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்பகுதியைப் பலமுறை கேட்டிருந்தும், ஊசி பிடித்த பின்னரே அதன் அருமையை உணர்ந்தேன். ஓராண்டாகக் காணாத பிள்ளைக்கு அளவு எடுப்பது எங்ஙனம்? சென்ற ஆண்டின் அளவோடு, வளர்ந்திருப்பான் என்னும் நம்பிக்கையையும் சேர்த்தன்றோ அவள் வெட்டியிருக்க வேண்டும்! நம் வீடுகளிலும் பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாய்ப் பிரிப்பார்கள். நாளைய உயரத்தை இன்றைய ஆடைக்குள் மறைத்து வைக்கும் இவ்வழக்கத்தை ஆயத்த ஆடை விற்போர் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. பழையது விரைவிற் சிறுத்தாலன்றோ புதியது விலைபோகும்?

இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரான்சு நாட்டில் திமோனியே என்பார் 1830-இல் தையற்பொறிக்கு உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டே பிழைப்புக்கு அஞ்சிய தையற்காரர்கள் அவர்தம் பொறிகளை உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும், ஐசக் சிங்கர் 1851-இலும் உரிமம் பெற்றனர். பெரும் பொறிகளை ஐயுற்ற காந்தியடிகள் தையற்பொறிக்கு மட்டும் விலக்களித்தார். 1924-இல் ஜி. இராமச்சந்திரன் என்னும் இளைஞர் வினவியபொழுது, மனைவியின் உழைப்பைக் கண்டு இரங்கிய அன்பினால் சிங்கர் அதனை அமைத்தார் என்று அவர் விளக்கினார். சிங்கரின் வாழ்க்கை அக்கதைக்கு இடந்தராது; அவர் நாடியது பெரும்பாலும் பொருளே. எனினும் பொறி மனிதனுக்கு உதவவேண்டும், மனிதனை விழுங்கலாகாது என்னும் கருத்து மாறாது நிற்கும். வினவிய அவ்விளைஞரே பின்னர் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன், 1947-இல் சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார் என்பது நம் பகுதியினர்க்குப் பெருமை தருவதாகும்.

"சந்தையில் மலிவாகக் கிடைப்பதை இரண்டு நாள் வருந்தித் தைப்பானேன்?" என்று நண்பர் சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. துணி, நூல், பொத்தான் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால் சிலபோது ஆயத்த ஆடையே மலிவாயிருக்கும். யான் சிக்கனத்தை முன்னிட்டு வாதிக்கவில்லை. ஒரு காஜாவைக் கையால் எடுத்து முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அன்று தொட்டுத் தையற்காரரிடம் கூலி பேரம் பேச என் நா எழவில்லை. மலிவான சட்டையின் விலையில் எவருடைய கூலியோ குறைக்கப்பட்டிருக்கலாம் என்பதைத் தைத்துப் பார்த்தவன் எளிதில் மறவான். இவ்வறிவே யான் கருதும் ஊதியம்.

நம் மாநிலத்தில் ஊசியை நம்பி வாழும் மகளிர் பலர். சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகட்கு அரசு வழங்கும் சீருடைகளை மகளிர் தையற்கூட்டுறவுச் சங்கத்தினரே தைக்கின்றனர். எளிய நிலையிலுள்ள மகளிர்க்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் இலவசத் தையற்பொறியும் அளிக்கப்படுகின்றது. இவை போற்றத்தக்கன. ஆயினும் பொறி பெறுதல் ஒன்று. அளந்து வெட்டக் கற்றல் வேறு. வெட்டத் தெரியாத வீட்டில் தையற்பொறி துணி அடுக்கும் மேசையாகவே முடியும்.

ஆகலின் நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். ஓர் அறையும் நான்கைந்து பொறிகளும் வாரத்தில் இரண்டு மணி நேரமும் ஒதுக்குக. ஊரிலுள்ள தையற்காரர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, அவர்க்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும் தக்க ஊதியமும் தருக. ஆண்டின் இறுதியில் மாணவர் தைத்த ஆடைகளைப் பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலை ஊர்களின் குழந்தைகளுக்குக் கொண்டு செல்க. ஆனால் ஒரு நிபந்தனை: முன்னரே சென்று, தாய்மாரை வினவி, குழந்தைகளை அளந்து வருதல் வேண்டும். அளவெடாது கொடுக்கும் ஈகை, கைகளை மும்முறை மடித்துவிடும் சந்தைச் சட்டையினும் சிறந்ததன்று.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபொழுது, கைம்பெண்கள் அவள் தைத்துத் தந்த ஆடைகளைக் காட்டி அழுதனர் என்று படிக்கின்றோம். அவள் பேசிய சொற்களில் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. அவ்வாடைகளே அவளுக்காகப் பேசின. பட்டம் பெற்று வெளியேறும் நாமும், நம் கையால் தைத்த சட்டை ஒன்று ஏதேனும் ஒரு குழந்தையின் தலையில் தடையின்றி நுழைவதைக் காணும் பேறு பெறுவோமாக.