பெட்டியை இறக்குமுன்

பழைய வேன் ஒன்றில் கியர் விழவில்லை என்றால், நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் "பெட்டியை இறக்கணும்" என்பதாகவே இருக்கிறது. அது முதல் தீர்ப்பாக அல்ல, கடைசித் தீர்ப்பாக இருக்க வேண்டும் என்பதே நம் கட்சி. இலக்கியம் பேசுமிடத்தில் கியர் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

மேல்நாட்டார் 'கேம்பர் வேன்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்: ஓட்டிச் செல்லும் வீடு. நம்மிடம் அந்தப் பெயர் இல்லையே தவிர, அந்தப் பழக்கம் உண்டு. கார்த்திகை பிறந்தால் அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டிப் பக்கத்து வேன்களைப் பாருங்கள். கூரைமேல் அண்டாவும் அரிசி மூட்டையும், பின்னிருக்கைக்கு அடியில் கேஸ் அடுப்பு, நடைபாதையில் சுருட்டிய பாய்கள். தேனி, கம்பம் வழியாகச் சபரிமலைக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கும் போகிற இந்த வண்டிகளில்தான் நாள்கணக்கில் சமையலும் உறக்கமும் நடக்கின்றன. 1970களிலும் 80களிலும் இந்த வேலையை மெட்டடோர் வேன் செய்தது. ஸ்பானிய மொழியில் காளையைக் கொல்பவனுக்கு அந்தப் பெயர். காளையைத் தழுவுவதே வீரம் என்றிருக்கும் ஊருக்குள் அப்பெயரைத் தாங்கிய வண்டி சங்கடமின்றிப் புழங்கியது. அதைச் செய்த பஜாஜ் டெம்போ நிறுவனமே 1987இல் டிராவலர் வேனைக் கொண்டுவந்தது. 2005இல் போர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிற்று.

வண்டியின் அமைப்பே சில சமயம் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. ஓட்டுநரின் கை ஓரிடத்தில் இருக்கிறது, பற்சக்கரங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. கையின் கட்டளையைத் தண்டுகளும் மூட்டுகளும் புஷ்களும் கொண்டுசேர்க்க வேண்டும். 1950இல் உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வேகன் வேன் இதற்குச் சரியான உதாரணம். 60களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு ஓட்டி வந்த வண்டிகளில் அதுவும் ஒன்று. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டன. அவ்வண்டியில் எஞ்சினும் கியர் பெட்டியும் பின்னால் இருக்கும், லிவர் முன்னால். இரண்டுக்கும் நடுவே அடிவயிற்றில் நெடுக ஒரு தண்டு ஓடும். அதன் புஷ் தேய்ந்துவிட்டால் பெட்டி எத்தனை ஆரோக்கியமாக இருந்தாலும் கியர் தேடித் தேடித்தான் விழும். நம் அம்பாசிடரின் ஸ்டியரிங் கியரும் இதே கதைதான். நடுச்சாலையில் கியர் மாட்டிக்கொள்ள, ஓட்டுநர் இறங்கி பானட்டைத் திறந்து தண்டுகளைக் கையால் தட்டி விடுவித்த காட்சியை அந்தத் தலைமுறை மறந்திருக்காது.

நிற்க. பெட்டியை இறக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே.

முதல் கேள்வி: எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் விழுகிறதா? விழுகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால், குற்றம் பெரும்பாலும் கிளட்சின் பக்கம். மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை அழுத்திச் சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டால் இது இன்னும் தெளிவாகும். பழைய பெட்டிகள் பலவற்றில் ரிவர்சுக்குச் சிங்க்ரோ கிடையாது. உள்ளே சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் கரகரவென்று கத்திவிடும்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது பெடலுக்கு அடியில். குளிருக்கென்று விரித்த தடித்த மிதியடி கிளட்சை முழுதாக இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். காசு செலவில்லாத வைத்தியம் இது. அடுத்து, பெடலை மூன்று நான்கு முறை அடித்து அழுத்தியதும் கியர் விழுகிறதென்றால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் வாஷர் தளர்ந்திருக்கிறது. எண்ணெய்க் குப்பியின் மட்டத்தையும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். கேபிள் வைத்த வண்டியானால் அதன் தளர்வைச் சரிபார்க்க வேண்டும். யாத்திரைக் காலம் முடிந்து மாதக்கணக்கில் மழையில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கும் கியர் பெட்டியின் பற்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இரண்டாவது கேள்வி: அணைத்தபோதும் விழவில்லை என்றால், எந்தெந்தக் கியர்? மெக்கானிக்கின் திறமை தெரிவது இங்கேதான். அலங்காநல்லூரில் நாம் கேட்க நேர்ந்த உரையாடல் ஒன்று.

"ரெண்டாவது விழவே மாட்டேங்குதுண்ணே. ஏத்தத்துல மானம் போகுது."

"பெட்டிய இறக்கிப் பாத்துரலாம்ப்பா."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதான ஓட்டுநர் ஒருவர் குறுக்கிட்டார்: "ஏந் தம்பி, நாலாவது எப்படி?"

"அதுவும் இழுத்துப் பிடிச்சாத்தான் நிக்கிது."

"ஒண்ணும் மூணும்?"

"அது ரெண்டும் வெண்ணெய் மாதிரி விழுதுங்கய்யா."

பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. "அப்ப லிங்க் புஷ்ஷப் பாருங்கப்பா" என்றார். அந்த வண்டியில் ஒன்றும் மூன்றும் முன்னே தள்ளி விழுபவை. இரண்டும் நான்கும் பின்னே இழுத்து விழுபவை. ஒரே திசையில் விழும் இரண்டு மட்டும் சேர்ந்து மறுத்தால், லிவரின் இழுவை முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதே முதல் ஐயம். மாறாக, ஒன்றும் இரண்டும் சேர்ந்து மறுத்திருந்தால் அவை இரண்டையும் நகர்த்தும் உள் ஃபோர்க்கைச் சந்தேகிக்க நியாயமுண்டு. ஐயம் தீர வேண்டுமென்றால் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் மேலுள்ள கையை நேரடியாக அசைத்துப் பார்க்கலாம். அங்கே சுலபமாக விழுந்தால் பெட்டி நிரபராதி. அன்றைக்குப் புஷ்தான் தேய்ந்திருந்தது.

மூன்றாவது கேள்வி: ஓடும்போது ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, கரகரக்கிறதா? நியூட்ரலில் கிளட்சை விட்டு, சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்து, மீண்டும் மிதித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்களின் இந்த இரட்டை மிதிக்குச் சத்தமின்றி விழுந்தால், தேய்ந்தது அந்தக் கியரின் சிங்க்ரோ. போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதென்றால், உள்ளே பூட்டும் பால் ஸ்பிரிங்கோ பற்களோ தேய்ந்திருக்கலாம். வெளியே எஞ்சின் மவுன்டிங் தளர்ந்திருந்தாலும் அதே குணம் தெரியும் என்பதால் மவுன்டிங்கை முதலில் பார்ப்பது நல்லது. கடைசியாக, கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெயிலில் காட்டினால் பித்தளைப் பொடி மினுங்குகிறதா, இரும்புத் துணுக்கு காந்தத்தில் ஒட்டுகிறதா என்று தெரியும். முன்னது சிங்க்ரோவின் தேய்மானம், பின்னது பற்களின் முறிவு. இத்தனைக்கும் பிறகு "இறக்கணும்" என்று சொன்னால் அதை ஏற்கலாம்.

மெக்கானிக்குகளை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. வாசலில் நான்கு வண்டிகள் காத்திருக்க, வாடகை ஏறிக்கொண்டிருக்க, நிதானமாகக் கேள்வி கேட்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. இறக்கி ஏற்றும் வேலைக்குக் கூலி உண்டு. யோசித்த அரை மணி நேரத்துக்கு இல்லை. வண்டிக்காரர்களாகிய நாமும் அந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கிறோம்.

மொழியின் பங்கு என்று சொன்னது இதுதான். "விழவில்லை", "கரகரக்கிறது", "கழன்றுவிடுகிறது", "டைட்டாக இருக்கிறது" ஆகிய நான்கும் ஓட்டுநர்களின் வாயில் நான்கு வெவ்வேறு நோய்கள். இந்த வினைச்சொற்களைச் சரியாகக் காதில் வாங்குவதே பாதி நோயறிதல். நாமோ கியர் பெட்டிக்குப் 'பல்லிணைப் பெட்டி' என்று பெயர்ச்சொல் ஆக்குவதில் காட்டிய அக்கறையை, அது கெட்டுப்போகும்போது மக்கள் பேசும் வினைச்சொற்களைத் தொகுப்பதில் காட்டவில்லை. வேளாண்மைச் சொற்களுக்கும் மீனவர் சொற்களுக்கும் அகராதி வேண்டும் என்று பேசுகிற நாம், பட்டறைத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அந்தப் பெரியவரின் மூன்று சொல் கேள்வி எந்தக் கையேட்டிலும் தமிழில் கிடைப்பது அரிது. அவரோடு அது போய்விடக் கூடும்.

அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை 2021இல் வந்தது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. புகை கக்கும், பிரேக் பிடிக்காத வண்டிகள் சாலையை விட்டுப் போகத்தான் வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஒற்றை வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திடம் "இனி இது ஓடாது" என்று சொல்லுமுன், அது புஷ்ஷா, வாஷரா, மிதியடியா என்று பார்த்துவிட்டுச் சொல்வது குறைந்தபட்ச அறம். எடைக்குப் போடுவதற்கு ஒரு நாள் போதும். நோயைக் கேட்டறியும் காதை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும்.