பூநாரைக்கு முழங்கால் எங்கே?

பூநாரையின் நீண்ட கால் நடுவில் மடங்குகிறது. முன்பக்கமாக அல்ல, பின்பக்கமாக!

பார்க்கிறவர்களுக்கு வியப்பு. "மனிதனுக்கு முழங்கால் ஒரு பக்கம் மடங்கினால், இதற்கு மறு பக்கம் மடங்குகிறதே!" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

அது முழங்காலே அல்ல. கணுக்கால்!

முழங்கால் இன்னும் மேலே இருக்கிறது. வயிற்றை ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்து கிடக்கிறது. உயிரோடு இருக்கும் பூநாரையின் முழங்காலைக் கண்டவர்கள் மிகச் சிலர்தான்.

நம்பிக்கை வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் பார்த்துக்கொள்ளலாம். தொடைத் துண்டும் அதற்குக் கீழே உள்ள கால் துண்டும் சேரும் இடம் இருக்கிறதே, அதுதான் கோழியின் முழங்கால். மனிதனுடையதைப் போலவே அது மடங்கும். கால் துண்டுக்குக் கீழே, செதில் செதிலாக, மஞ்சளாக ஒரு குச்சி உண்டு. கறி வெட்டும்போது பலரும் அதைத் தள்ளிவிடுவார்கள். அது கால் அல்ல, பாதம்! மனிதனின் பாதத்தில் தனித்தனியாக இருக்கும் எலும்புகள் பறவைக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே கோலாகி நிமிர்ந்து நிற்கின்றன. குதிகாலைத் தூக்கி, விரல்களை மட்டும் ஊன்றி நடக்கும் மனிதனை நினைத்துக்கொண்டால் போதும். எல்லாப் பறவைகளும் அப்படித்தான் நடக்கின்றன.

கோழிக்கு அந்தக் கோல் குட்டை. பூநாரைக்கு நீளம். அவ்வளவுதான் வித்தியாசம்!

பூநாரையின் தொடை எலும்பு அதன் காலைப் போல நீளமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அது குட்டை. கீழே தொங்குவதும் இல்லை. உடலுக்குள் முன்னோக்கி, ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கிறது. இடுப்பு பின்னால் இருக்கிறது. உடலின் பாரமோ முன்னால் இருக்கிறது. தொடை முன்னோக்கிப் போவதால்தான் பாதம் பாரத்துக்கு நேர் கீழே வந்து நிற்க முடிகிறது. இல்லாவிட்டால் பறவை முகம் குப்புற விழும்.

தவம் அல்ல, எலும்பு வேலை

ஒற்றைக் காலில் நிற்கும் பறவையைக் கண்டால் "தவம் செய்கிறது" என்பது நம் ஊர்ப் பேச்சு. பாவம், எவ்வளவு சிரமம் என்று இரங்குகிறவர்களும் உண்டு.

சிரமம் சிறிதும் இல்லை என்பது 2017ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அமெரிக்காவில் யங் ஹுய் சாங், லீனா டிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன பூநாரைகளின் உடலைப் பெற்று, ஒரு காலை மட்டும் ஊன்றி நிறுத்திப் பார்த்தார்கள்.

செத்த பறவை நின்றது!

பாதம் உடலின் நடுவுக்கு நேர் கீழே வரும்படி வைத்தபோது, உடலின் பாரமே இடுப்பையும் முழங்காலையும் அசையாமல் இருத்தியது. தசைக்கு வேலையே இல்லை. இரண்டு காலில் நிற்பது போல வைத்தபோது அந்தப் பிடிப்பு வரவில்லை. உயிருள்ள இளம் பறவைகளையும் அவர்கள் சோதித்தார்கள். தூங்கும்போது அவற்றின் உடல் ஆட்டம் குறைந்தது; விழித்து அசையும்போது கூடியது. மனிதன் நின்றுகொண்டே தூங்கினால் என்ன ஆகும் என்பது பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஆக, பூநாரை தவம் செய்யவில்லை. ஓய்வு எடுக்கிறது. இந்த இடத்தைத்தான் மக்கள் கவனிக்க வேண்டும். "சும்மா நிற்கிறது, விரட்டினால் என்ன?" என்று நினைப்பதற்குக் காரணம் அந்த எலும்புகளின் வேலை தெரியாததுதான்.

கழுத்தில் 19 எலும்பு

மனிதனுக்குக் கழுத்து எலும்பு 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். பூநாரைக்கு 19!

கணுக்கணுவாக வளையும் அந்தக் கழுத்தைத் தொங்கவிட்டு, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரில் அது இரை தேடுகிறது. அலகு நடுவில் ஒடிந்ததுபோல் வளைந்திருப்பது இதற்காகத்தான். கீழ்த்தாடை பெரிய பெட்டி; மேல்தாடை அதற்கு மூடி. தலை கவிழ்ந்திருப்பதால் மூடி கீழே வருகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அலகு நேராகவே இருக்கும் என்பது வேடிக்கை. வளர வளரத்தான் வளைகிறது.

அகப்படும் இரையோ மிகச் சிறியது. பொடி இறால், பூச்சிப் புழு, பாசி. 4 அடிக்கு மேல் உயரமான பறவை இந்தப் பொடியை வடிகட்டித் தின்று வயிறு நிரப்ப வேண்டும். அதற்கு நாளில் பல மணி நேரம் ஆகிறது.

பறந்தால் என்ன நஷ்டம்?

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைக் கூட்டம் இறங்கும்போது பார்க்கப் போகிறவர்கள் ஏராளம். போவதில் தவறு இல்லை. குழந்தைகளை அவசியம் அழைத்துப் போக வேண்டும். ஆனால் சிலர் கைதட்டுகிறார்கள். படகை நேரே கூட்டத்துக்குள் விடச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் சிவந்த சிறகை விரித்து எழும்பினால் புகைப்படம் நன்றாக இருக்குமாம்!

"பறந்து போய் வேறு இடத்தில் உட்காரப் போகிறது. இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள்.

நஷ்டம் உண்டு. பூநாரை காக்கையைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீரின் மேல் ஓட வேண்டும். ஓடிய வேகத்தில்தான் மேலே ஏற முடியும். ஓடும்போது பாரம் முழுவதும் அந்த மெல்லிய கோல் கால்களில் விழுகிறது. பறவையின் எலும்பு கனம் இல்லாதது, சுவர் மெல்லியது. முறிந்தால் சில்லுச் சில்லாக உடையும். கணுக்காலுக்குக் கீழே சதைப் பற்றும் குறைவு. நீண்ட கால் பறவைக்குக் கால் முறிந்தால் பிழைப்பது அரிது. ஆட்டுக்குக் கட்டுவதுபோல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்க முடியாது. நிற்க முடியாத பூநாரைக்கு இரை கிடையாது.

சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில், சுடுவதும் பிடிப்பதும் மட்டும் இல்லை, விரட்டுவதும் சேர்ந்திருக்கிறது. புகைப்படத்துக்காகக் கைதட்டுகிறவர் தம்மை வேட்டைக்காரர் என்று நினைப்பதில்லை. பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

படகுக்காரர்களைக் குறை சொல்வது நியாயம் அல்ல. காசு கொடுத்தவர் "கிட்டப் போ" என்றால் அவர் என்ன செய்வார்? தூரத்தில் படகை நிறுத்தி, ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுத்தால் பயணிக்கும் திருப்தி, படகுக்காரருக்கும் கூலி. பறவை வரும் ஊர்களில் வனத்துறை படகுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

பெரிய ஆபத்து மேலே இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி இரவு, மும்பையில் பயணிகள் விமானம் ஒன்று பூநாரைக் கூட்டத்தின் மீது மோதியது. விமானம் பத்திரமாக இறங்கியது. சுமார் 40 பறவைகள் இறந்து விழுந்தன. குஜராத்தில் உயர் அழுத்த மின்கம்பிகளில் பூநாரைகள் மோதி இறந்ததை 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கழுத்தை முன்னே நீட்டி, காலைப் பின்னே நீட்டிப் பறக்கும் இந்த நெடிய உடல் சட்டென்று திரும்பாது. கூட்டம் இடம் மாறுவதும் பெரும்பாலும் இரவில்தான். இருட்டில் கம்பி எங்கே தெரியப் போகிறது? கம்பியில் ஆங்காங்கே உருண்டையோ தகடோ தொங்கவிட்டு அடையாளம் காட்டுவதைப் பல நாடுகளில் செய்து வருகிறார்கள். உப்பளங்களையும் உவர் ஏரிகளையும் ஒட்டி மின்கம்பி போகும் இடங்களில் முதலில் இதைச் செய்ய வேண்டும். குளிர்காலத்துப் பறவைகள் வந்து இறங்குவதற்கு முன்பே, ஐப்பசிக்குள் முடித்துவிடலாம்.