கள்ளப் போதகரைக் கல்லறையில் கண்டுகொள்ளலாம்

கள்ளப் போதகர் யார் என்று கேட்டால் நம் சபைகளில் சட்டென்று பதில் வரும். பெந்தெகொஸ்தேக்காரர் கத்தோலிக்கரைக் காட்டுவார். கத்தோலிக்கர் கன்வென்ஷன் மேடை ஊழியக்காரரைக் காட்டுவார். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, அந்நிய பாஷை உண்டா இல்லையா, சுரூபம் வைக்கலாமா கூடாதா என்று விடிய விடியச் சண்டை நடக்கும். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: அந்தப் போதகர் சாதியை என்ன செய்தார்?

தோழர்களே, இது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோல் அல்ல. மரத்தைக் கனியால் அறிவதுபோலப் போதகரை அவர் விளைவிப்பதைக் கொண்டு அறியச் சொன்னவர் இயேசு. கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு வேறொரு கடவுளைப் போதிக்கவில்லை. அவர் எழுந்து போனது பந்தியிலிருந்துதான். அதையே நற்செய்திக்கு எதிரான மாய்மாலம் என்று பவுல் எடுத்துக்கொண்டார்.

இந்த அளவுகோலை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதி பார்த்து மக்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1910இல் பங்குக்குரு கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். ஆதிக்கச் சாதியார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலோ, செத்த தலித்தையும் தள்ளி வைக்கச் சுவர் நின்றது. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். சுவரை இடித்தவரும் குரு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மந்திரித்தவரும் குரு. அங்கி ஒன்றுதான், கனிதான் வேறு.

“சபைக்குள் சாதியே இல்லை, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று” என்று பிரசங்கிப்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். நாம் இன்னும் வெளியே. 1985இல் சூசை வழக்கில் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. அப்படியானால் சாதி இல்லை என்று மேடையில் முழங்குபவர் யாருக்காகச் சாட்சி சொல்கிறார்? நம் பிள்ளைகளின் உரிமைக்கு எதிராக.

வறுமைக்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று சொல்லி, கூலிக்காரரிடமே தசமபாகம் கறப்பவரும் இந்த வகைதான். நிலம் பிடுங்கப்பட்ட வரலாற்றை அவர் சாபமாக மாற்றுகிறார். பிறகு சாபம் நீக்கக் காணிக்கை கேட்கிறார்.

“இதைப் பேசினால் இந்துத்துவவாதிகளுக்கு வாய்ப்பாகிவிடும்” என்கிறார்கள். அவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது சுவர்; சுவரைக் காட்டும் விரல் அல்ல. சபைக்குள் தீண்டாமை உண்டென்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி மறைப்பது யாரைக் காப்பாற்ற? “நியாயந்தீர்க்காதே” என்பார்கள். போதகரைச் சோதித்துப் பார்க்கும் கடமையை விசுவாசிக்குக் கொடுத்ததும் அதே வேதம்தான்.

ஆகவே கேளுங்கள். திருவிழாத் தேர் நம் தெருவுக்கு வருமா? கல்லறையில் நமக்கும் அதே வாசலா? சபை நடத்தும் பள்ளியிலும் கல்லூரியிலும் நம் பிள்ளைகளுக்கு இடமும், நம் பட்டதாரிகளுக்கு வேலையும் உண்டா? சாதி கடந்த திருமணத்தைப் போதகர் முன்னின்று நடத்துவாரா? வரவு செலவுக் கணக்கைச் சபை முன் வைப்பாரா? உண்மையான போதகர் இவற்றுக்குக் கோபப்படமாட்டார். நம்மோடு வந்து நிற்பார், அதற்கான விலையையும் கொடுப்பார். கேட்டதற்கே சீறி, நம்மைச் சபையைப் பிரிக்கிறவர்கள் என்பவர் யாரென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சபையை முதலில் பிரித்தது சுவர்தான். அதை இடிக்காமல் ஒருமைப்பாடு பற்றி யாரும் நமக்குப் பிரசங்கம் செய்ய வேண்டாம்.