இருமல் மருந்துக்கு ஒரு நியாயம், குளுக்கோஸ் பாட்டிலுக்கு ஒரு நியாயம்

ஊக்கமருந்து என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பென் ஜான்சன்தான் நினைவுக்கு வருவார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நூறு மீட்டரில் வாங்கிய தங்கத்தைப் பறித்தார்கள். பறித்தது சரி. ஊசி போட்டு உடம்பை ஏய்ப்பவனுக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை. 2023இல் நம் நாட்டில் எடுத்த ஐயாயிரத்துச் சொச்சம் மாதிரிகளில் 200க்கும் மேல் பிடிபட்டன. வெட்கக்கேடுதான். என் சண்டை வேறு.

கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை. அப்போது வயது 19. சிறுநீரில் இருந்தது டெர்பியூட்டலின். இருமல் மருந்தில் வந்தது, தெரியாமல் குடித்தார் என்று கிரிக்கெட் வாரியமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய குத்துச்சண்டை வீரர் சுமித் சங்வானுக்கு ஓராண்டுத் தடை. அவரிடம் இருந்தது அசிட்டசோலமைடு. கண் நீர் அழுத்தத்துக்கு நம்மில் சிலர் விழுங்கியிருக்கும் மாத்திரைதான் அது. உடம்பிலுள்ள நீரை இறக்கி எடையைக் குறைக்கும், வேறு மருந்தின் தடயத்தையும் மறைக்கும் என்பதால் பட்டியலில் இருக்கிறது. கண்ணுக்குச் சாப்பிட்ட மருந்தில் வந்தது என்று அவர் தரப்பில் சொன்னார்கள்.

நோய்க்கு மருந்து சாப்பிட வழியே இல்லையா? இருக்கிறது. 'சிகிச்சைக்கான விலக்கு' என்று பெயர். மருத்துவர் சீட்டு, பரிசோதனை அறிக்கை எல்லாம் வைத்து முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது?

2015 மே 2, லாஸ் வேகாஸ். மேவெதரும் பாக்கியாவோவும் மோதினார்கள். முந்தின நாள் மேவெதர் 750 மில்லி உப்புநீரும் வைட்டமினும் நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டார். அன்றைய உலக விதிப்படி ஆறு மணி நேரத்தில் 50 மில்லிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவருக்கு அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விலக்குக் கொடுத்தது, சண்டை முடிந்து இரண்டு வாரத்துக்கும் மேல் கழித்து! விதிப்படிதான் கொடுத்தோம் என்றார்கள். இருக்கட்டும். அதே இரவில் தோள் வலிக்கு ஊசி கேட்டார் பாக்கியாவோ. அது தடைப்பட்டியலிலேயே இல்லாத மருந்து. காயத்தை முன்பே படிவத்தில் எழுதவில்லை என்று நெவாடா ஆணையம் மறுத்துவிட்டது. ஒருவருக்கு ஆட்டம் முடிந்த பிறகும் கதவு திறந்தது. மற்றவருக்கு ஆட்டத்துக்கு முன்பே சாத்திக்கொண்டது.

"தெரியாது என்பது சாக்கு அல்ல, உடம்பில் என்ன போகிறதோ அதற்கு அவனே பொறுப்பு" என்பார்கள். மருத்துவரும் வழக்கறிஞரும் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது பொருந்தும். புன்னக்காயலிலோ ஆத்தூரிலோ ஒரு பையன் கபடியோ குத்துச்சண்டையோ பழகி மாநிலப் போட்டிக்குப் போகிறான் என்று வையுங்கள். மழையில் நனைந்து நெஞ்சுச்சளி. மருந்துக்கடையில் போய், "அண்ணாச்சி, இருமலுக்கு ஒரு டானிக் கொடுங்க" என்பான். அட்டையில் பொடி எழுத்தில் ஆங்கிலம். கடைக்காரருக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது. அவனிடம் போய்ப் பொறுப்பு பேசுகிறோம். அந்தத் தடையோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் வரவேண்டிய வேலையும் போகும். ஊரில் 'ஊசி போட்டவன்' என்ற பெயர் மட்டும் போகாது.

தேசிய அளவுக்குக் கீழே ஆடுகிறவர்கள் பரிசோதனைக்குப் பிறகும் விலக்குக் கேட்கலாம் என்று உலக விதியிலேயே இடம் உண்டு. இதை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் யார் சொல்லியிருக்கிறார்கள்?

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. இத்தாலியில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், தடைசெய்த பொருள் உள்ள மருந்துப் பெட்டியில் ஓர் எச்சரிக்கைப் படம் போடச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். நாம் 2022இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தோம். மாதிரி எடுக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் கொடுத்தோம். இனி இருமல் மருந்துப் பாட்டிலில் ஒரு படம் போடுங்கள், விண்ணப்பத்தைத் தமிழில் கொடுங்கள், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுச் சொல்ல ஓர் ஆளை வையுங்கள். அதன் பிறகும் குடித்தால் தண்டியுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று. வீட்டில் விளையாடுகிற பேரப்பிள்ளை இருந்தால், நம் பிரஷர் மாத்திரை டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.