ஜெயித்தால் ‘நாம்’, தோற்றால் ‘அவளுக’!

கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் கொஞ்சம் கூடத்தான். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடிப்போகாமல் சாவகாசமாக வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை (நவம்பர் 2) நவி மும்பையில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. மழையால் ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கி, முடியும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. தென் ஆப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 2005-இலும் 2017-இலும் இறுதிப் போட்டி வரை போய்க் கைநழுவிய கோப்பை இது. விடிவதற்குள் நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழு நிரம்பி வழிந்தது. “நாம ஜெயிச்சுட்டோம்!” “நம்ம பிள்ளைக சிங்கம்லா!” கொடி, பட்டாசு, பாட்டு. பழைய மாணவர்கள் குழுவிலும் இதே கூத்துதான்.

சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் இதே குழுக்களில் இதே விரல்கள் தட்டியது என்ன என்று யாராவது மேலே தள்ளிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன்.

அக்டோபர் 9, விசாகப்பட்டினம். தென் ஆப்பிரிக்காவிடம் 3 விக்கெட்டில் தோல்வி. “அவளுகளுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று ஒரு செய்தி. அக்டோபர் 12, அதே ஊர். நம்மவர்கள் 330 ரன் எடுத்தும் ஆஸ்திரேலியா துரத்திப் பிடித்துவிட்டது. “பவுலிங் போடச் சொன்னா கோலம் போடுதாளுக.” அக்டோபர் 19, இந்தூர். இங்கிலாந்திடம் வெறும் 4 ரன்னில் தோல்வி. “எல்லாரையும் அடுப்பங்கரைக்கு அனுப்புங்கப்பா.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எழுதியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. அவர்களுக்கே தெரியும். ஒருவருக்கு நான் ஆறாம் வகுப்பில் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் குழுவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளையும் இருக்கிறாள், காலேஜ் போகிற பிள்ளையும் இருக்கிறாள். ஒருத்தியும் பதில் எழுதவில்லை. வாசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது.

தமிழய்யா என்றால் இலக்கணம் இல்லாமல் எப்படி? கேளுங்கள். இங்கிலீஷ்காரனுக்கு ‘வீ’ என்று ஒரே சொல்தான். நமக்கு இரண்டு உண்டு. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘நாங்கள்’. ‘நாம்’ என்பதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எதிரில் இருப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிற சொல் அது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஜெயித்த அன்றைக்கு உளப்பாட்டுத் தன்மை; தோற்ற அன்றைக்குப் படர்க்கை. அதிலும் ‘அவர்கள்’ கூட இல்லை, ‘அவளுக’. கோப்பையில் பங்கு வேண்டும். தோல்வியில் பங்கு வேண்டாம். லாபத்துக்கு மட்டும் பங்காளியாக வருகிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம்?

இது நமக்கு மட்டுமே உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞர் 1976-இல் இதை ஆராய்ந்து எழுதினார். கல்லூரி மாணவர்களிடம் தங்கள் கல்லூரி அணியின் ஆட்டம் பற்றிக் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ என்று அதிகம் வந்தது. தோற்றதைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று தள்ளிவைத்தார்கள். ஜெயித்த பிறகு வந்த திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையும் கூடுதலாகத் தெரிந்ததாம். ஆனால் தள்ளி நிற்பது வேறு. தள்ளி நின்று காறித் துப்புவது வேறு.

ஜெமிமா ரோட்ரிக்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் தொடக்கத்தில் இரண்டு முறை பூஜ்யம். இங்கிலாந்து ஆட்டத்தில் அவரை வெளியே உட்காரவைத்தார்கள். திரும்பி வந்ததும் நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 76. பிறகு அக்டோபர் 30, அரையிறுதி. ஆஸ்திரேலியா 338. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அவ்வளவு ரன்னை அதுவரை யாருமே துரத்திப் பிடித்ததில்லை. இவர் கடைசி வரை நின்று 127. ஆட்டம் முடிந்து பேச வந்தபோது, இந்தத் தொடர் முழுக்க ஏறக்குறைய தினமும் அழுதேன், மனப்பதற்றத்தில் இருந்தேன், அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே இருந்தேன் என்று ஊரறியச் சொன்னார். அவர் அழுதுகொண்டிருந்த அதே நாட்களில்தான் இங்கே சிரிப்புப் பொம்மைகள் விழுந்துகொண்டிருந்தன.

“நம்ம வாட்ஸ்ஆப்பை அந்தப் பிள்ளையா பாக்கப் போகுது, சார்?” என்பீர்கள். பார்க்காது. ஆனால் அதைப்போல லட்சம் குழு, லட்சம் பக்கம் இருக்கிறது. அதில் ஏதோ ஒன்று போய்ச் சேரும். சரி, அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததே! நாளைக்கு அவள் பள்ளிக்கூட மைதானத்தில் மட்டை பிடிக்க ஆசைப்பட்டால், தோற்றால் மாமாவும் சித்தப்பாவும் தன்னை எங்கே அனுப்புவார்கள் என்று அவளுக்கு இப்போதே தெரியும்.

ஆண்கள் அணிக்கும் இதே பூசைதான். 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றோம். தோற்றது பதினோரு பேர். மதத்தைச் சொல்லித் திட்டு வாங்கியது முகமது ஷமி ஒருவர். அவருக்காகப் பரிந்து பேசிய கேப்டன் கோலியின் கைக்குழந்தையைக்கூட வக்கிரமாக மிரட்டினார்கள். 2022 ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சை விட்டதற்காக அர்ஷ்தீப் சிங்குக்குத் துரோகிப் பட்டம். 2024 ஐ.பி.எல். முழுக்க ஹர்திக் பாண்டியாவுக்குச் சொந்த மைதானத்திலேயே ஊளைச் சத்தம். பிறகு என்ன நடந்தது? 2023 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் ஷமி, 24. 2024 டி20 உலகக் கோப்பையில் அர்ஷ்தீப் 17. அதே இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில் 16 ரன்னைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஹர்திக். உடனே மூவரும் ‘நம்ம பயலுக’ ஆகிவிட்டார்கள்.

“பாத்தீங்களா சார், திட்டினாத்தான் விளையாடுதானுக” என்று சொல்கிற புத்திசாலிகளும் உண்டு. அப்படியானால் என் வகுப்பில் அடி வாங்கியவன் எல்லாம் கலெக்டர் ஆகியிருக்க வேண்டும். அது கிடக்கட்டும். அவர்கள் திரும்பி வந்து ஜெயித்ததால் மரியாதைக்கு உரியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஜெமிமா அந்த 127 அடிக்காமல் மறுபடியும் பூஜ்யத்தில் அவுட் ஆகியிருந்தாலும், அவரைச் சட்டி கழுவப் போகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மனுஷருக்குக் கொடுக்கிற மரியாதையை ஸ்கோர் போர்டைப் பார்த்தா கொடுப்பது?

அடுத்த வாதம்: “கோடி கோடியா சம்பாதிக்காங்க, நாலு வார்த்தை கேட்டாத்தான் என்ன?” பெண்கள் அணியைப் பற்றி இதைச் சொல்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. 2006 வரை பெண்கள் கிரிக்கெட் பி.சி.சி.ஐ. நிர்வாகத்திலேயே இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் கிட் பையோடு ஊர் ஊராகப் போய் ஆடிய தலைமுறை அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததே 2022 அக்டோபரில்தான். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் நம் தமிழ்நாட்டுக்காரர், சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, 2013-இல். ‘நம்ம பிள்ளைக’ என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? சம்பளத்தையே எடுத்துக்கொண்டாலும், ஒருவர் வாங்கும் பணத்தில் அவர் பிள்ளையையும் பெண்டாட்டியையும் திட்டுவதற்கான கட்டணம் எந்த ரசீதில் சேர்ந்திருக்கிறது?

மூன்றாவது வாதம்: “விளையாட்டுக்குச் சொல்றது சார், உணர்ச்சிவசப்படாதீங்க.” 2020 அக்டோபரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு ஆட்டத்தில் தோற்றதற்காக தோனியின் ஐந்து வயது மகளைப் பற்றி, எழுத முடியாத வார்த்தையில் ஒருவன் மிரட்டினான். பிடித்துப் பார்த்தால் குஜராத்தில் 16 வயதுப் பையன். பள்ளிக்கூடம் போகிற வயது. அவன் அந்த வார்த்தையைக் கருவில் கற்றுக்கொண்டு வந்தானா? பெரியவர்கள் விளையாட்டுக்குச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தான். 2022 அக்டோபரில் நம் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள், குடித்துவிட்டு, எந்த ஆட்டக்காரர் பெரியவர் என்று கேலியில் தொடங்கிய பேச்சு. ஒருவர் உயிர் போனது, மற்றவர் கைதானார். அந்த ஆட்டக்காரர்கள் இருவரும் ஒரே அணியில் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் விமர்சனமே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். முதல் ஆட்டங்களில் ஆறாவது பவுலர் இல்லாமல் இறங்கியது தவறு என்று எழுதலாம். இந்தூரில் கையில் இருந்த ஆட்டத்தை விட்டதைப் பிரித்து மேயலாம். அது அறிவுள்ள பேச்சு. ‘கோலம் போடுதாளுக’ என்பதில் கிரிக்கெட் எங்கே இருக்கிறது?

ரசிகன் என்ற சொல்லுக்கு வேறு ஊர்க்காரனிடம் நாம் பாடம் கேட்க வேண்டாம். ரசிகமணி என்று தமிழ்நாடே அழைத்த டி.கே.சி. நம் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடி ஒரு பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அணுஅணுவாக ருசிப்பார்கள். சும்மா தலையாட்டுகிறவர் இல்லை அவர். கம்பராமாயணத்தில் பாட்டுப் பாட்டாக எடுத்து ‘இது கம்பர் பாட்டே இல்லை’ என்று தள்ளியவர். அதற்காகப் புலவர்களின் எதிர்ப்பையும் வாங்கிக்கொண்டவர். ரசிகனுக்குக் கறார் உண்டு, வசவு கிடையாது.

கிரிக்கெட்டிலும் தமிழ்நாடு ஒரு தரத்தைக் காட்டியிருக்கிறது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனார். மீதி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்து 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் அப்படியே அமைதியானது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது, ஜெயித்த பாகிஸ்தான் வீரர்களுக்கு! வாசிம் அக்ரம் அணியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தாவில் பாட்டில் எறிந்து தீ வைத்ததால் ஆட்டமே நின்றுபோய் இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும் வேதனை ஒன்றுதான். அந்த வேதனையோடு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் அடித்து எல்லாரையும் வெளியே ஏற்றிவிடுவார். அருவியை மூடச் சொல்லவில்லை. இந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று சொல்கிறார். நமக்குள் ஒருத்தர் அந்த விசிலை அடிக்க வேண்டும். பெரியப்பாவே எழுதியிருந்தாலும், “பெரியப்பா, இது சரியில்லை, அழிச்சிடுங்க” என்று மரியாதையாக ஒருத்தர் சொன்னால் போதும். எழுதியவரைவிட, பொம்மை போட்டவர்கள்மீதும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள்மீதும்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

கடைசியாக, எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை நம் அணி தோற்றால், ஆணோ பெண்ணோ, என்ன எழுதினாலும் ‘நாம’ என்று தொடங்கி எழுதுங்கள். “நாம தோத்துட்டோம்” என்று வரும். “நாம கேட்சை விட்டுட்டோம்” என்று வரும். “நாம அடுப்பங்கரைக்குப் போகணும்” என்று எழுதிப் பாருங்கள், வருகிறதா? வராது. அந்தச் சொல்லே கையைப் பிடித்து நிறுத்தும். எழுத வராவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுங்கள்.

ஆசிரியர் திட்டிவிட்டார் என்று யாரும் குழுவை விட்டு வெளியேற வேண்டாம். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். பெயரோடும் மரியாதையோடும்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
தென்காசி