சிகரெட் அட்டைக்கு மறுத்த வீரர்

1880களில் அமெரிக்காவில் சிகரெட்டுகளை மெல்லிய காகித உறையில் விற்றார்கள். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு அட்டைத் துண்டைச் செருகினார்கள். வெற்று அட்டையில் பிரபலங்களின் படத்தை அச்சிட்டால் விற்பனை கூடும் என்று புகையிலை முதலாளிகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1887இல் வெளியிட்ட உலக சாம்பியன்கள் வரிசையில் 50 பேர். பேஸ்பால் வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், படகோட்டிகள், துப்பாக்கிச் சுடுதலில் பேர்போன ஆனி ஓக்லி. ஐம்பதும் சேர வேண்டுமானால் பெட்டி பெட்டியாக வாங்கியாக வேண்டும். மைதானத்தை எட்டிப் பார்த்திராதவர் சட்டைப் பையிலும் அந்த முகங்கள் போய்ச் சேர்ந்தன. சினிமா வருமுன்பே நட்சத்திர மோகம் வந்துவிட்டது.

இயந்திரத்தில் சிகரெட் தயாரித்துச் சந்தையை வளைத்த ஜேம்ஸ் டியூக், நடிகைகளின் கவர்ச்சிப் படங்களை நம்பினார். அவற்றை நிறுத்தச் சொல்லி 1894இல் கடிதம் எழுதியவர் அவரைப் பெற்ற தந்தை வாஷிங்டன் டியூக்!

தன் முகம் யாருக்குச் சொந்தம்? மாவு விளம்பரத்தில் அனுமதியின்றித் தன் படத்தைப் போட்டதை எதிர்த்து ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கை 1902இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் ஒருவரின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அன்றைய பேஸ்பாலின் உச்ச நட்சத்திரம். 1909இல் தொடங்கிய புதிய அட்டை வரிசைக்கு அவர் சம்மதத்தை வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக, ஜான் க்ரூபர் என்ற பத்திரிகையாளரிடம் சொன்னது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. சிகரெட் பெட்டிக்குள் தன் படம் போவதில் விருப்பமில்லை என்று பதில் எழுதினார் வாக்னர். க்ரூபருக்கு நஷ்டம் வேண்டாமென்று 10 டாலருக்குக் காசோலையும் வைத்தார். பணம் போதாமல்தான் மறுத்தார் என்போர் இன்றும் உண்டு. அப்படிப்பட்டவர் கைக்காசை ஏன் அனுப்பப் போகிறார்? வாக்னர் புகையிலை மெல்லுபவர்தான். ஆனாலும் அட்டைக்கு ஆசைப்பட்டுச் சிறுவர்கள் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்ற விளக்கமே நம்பத்தக்கது.

வாக்னர் அட்டையின் அச்சடிப்பு நின்றது. அதற்குள் வெளிவந்துவிட்டவற்றில் எஞ்சியவை ஏறத்தாழ 60. அவற்றில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றபோது, செய்தித் தலைப்புகளில் விலைதான் நின்றது. அந்த விலைக்குக் காரணமான மறுப்பைத் தலைப்பில் போட்டிருக்க வேண்டும்.